குரோமோசோம்களை நிறந்தீட்டி இனங்காணல்

சென்ற ஆண்டு ஒருநாள் மாலைப்போதில், தாவர நூல் பயிலும் நண்பர் ஒருவர் எம்மைத் தம் ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்றார். இலக்கணமும் இலக்கியமும் பயிலும் யாம் அக்கூடத்தினுள் அதற்கு முன் அடியிட்டதில்லை. அவர் வெங்காய வேரின் நுனியைக் கிள்ளிச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டின்மேல் நசுக்கி, நுண்ணோக்கியின்கீழ் வைத்துக் காட்டினார். பிரியுந் தறுவாயிலிருந்த உயிரணு ஒன்றன் நடுவே செந்நிறத் துணுக்குகள் சில, சிதறிய நூற்றுண்டுகள்போற் கிடந்தன. "இவையே குரோமோசோம்கள், எண்ணிப் பாரும், 16 இருக்கும்" என்றார். யாம் ஒருமுறை எண்ணி 14 என்றோம். மறுமுறை எண்ணி 17 என்றோம். பின்னர், "இவற்றுள் முதலாவது எது? இரண்டாவது எது?" என வினவினோம். நண்பர் நகைத்து, "அதனை இந்தச் சாயம் சொல்லாது" என்றார்.

அவ்விடை எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிக் காட்டுஞ் சாயம் பொருளைக் கண்ணுக்குப் புலப்படுத்துமேயன்றி, இன்னது இதுவென அறிவிக்கமாட்டாது. அங்ஙனமாயின் அறிவிப்பது எது? இவ்வினாவிற்கு விஞ்ஞானிகள் கண்ட விடையை, யாம் கற்றறிந்த அளவில் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

பெயரும் எண்ணும்

குரோமோசோம் என்பது கிரேக்க மொழியினின்றும் ஆக்கப்பட்ட சொல். நிறம் என்னும் பொருளுடைய சொல்லும் உடல் என்னும் பொருளுடைய சொல்லும் கூடி, நிறவுடல் என்னும் பொருள் தருவது. இப்பெயரை 1888-ஆம் ஆண்டில் இட்டவர் வால்டையர் என்னும் ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர். பெயர் இங்ஙனம் இருத்தலால், அவை இயல்பாகவே நிறமுடையன என்று கருதுதல் பிழையாகும். சாயம் ஊட்டாத உயிரணுவில் அவை நிறமற்றன. வால்டையருக்கு முன்னர் ஃபிளெமிங் என்னும் அறிஞர் அனிலீன் சாயங்களை ஊட்டி, உயிரணு பிரியும்போது உட்கருவினுள் நிகழ்வனவற்றைக் கண்டு, 1882-இல் நூலாக வெளியிட்டார். சாயத்தை ஆழ்ந்து ஏற்றமையாலேயே அவ்வுறுப்புக்கள் இப்பெயர் பெற்றன. இலக்கணத்தார் இதனைக் காரணப்பெயர் என்பர். ஆயினும் அக்காரணத்திற் பாதி பொருளிடத்தும், பாதி காண்போன் கையிலிருந்த சாயக் குப்பியிடத்தும் உள்ளது.

சாயத்தால் கண்ட பொருளை எண்ணுதலும் எளிதாயிற்றில்லை. அமெரிக்க அறிஞர் பெயின்டர் 1920-க்குப் பின் மனிதக் குரோமோசோம்களை எண்ணியபோது, 46 என்பதா 48 என்பதா எனத் தயங்கி, 1923-இல் 48 எனத் துணிந்தார். அதன்பின் 30 ஆண்டுக்கு மேலாக உலகத்துப் பாடநூல்கள் யாவும் 48 என்றே ஓதின. எண்ணினோர் பலரும் தாம் கண்டதனை அவ்வெண்ணுக்கு இயையப் பொருத்திக்கொண்டனர். 1952-இல் சூ என்னும் அறிஞர், உப்புச் செறிவு குறைந்த நீரில் உயிரணுக்களை இட்டால் அவை பருத்துக் குரோமோசோம்கள் தனித்தனியே விலகி நிற்கும் என்று காட்டினார். அம்முறையைத் தழுவி, சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் ஜாவாவிற் பிறந்த ஜியோ என்பவரும் லெவான் என்பவரும் மீண்டும் எண்ணி, 46 என 1956-இல் வெளியிட்டனர். யாம் வெங்காய வேரில் தடுமாறியது இருக்கட்டும். பேரறிஞர்களே மனித உயிரணுவில் ஒரு தலைமுறைக்காலம் தடுமாறினர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

எண் தெளிவாயினும் இனம் தெளிவாகவில்லை. மனிதக் குரோமோசோம்களுள் பால்வேறுபாட்டிற்குரிய எக்ஸ், ஒய் என்பவற்றை நீக்கி எஞ்சிய 22 இணைகளுக்கும், நீளத்தால் இறங்குமுறையில் 1 முதல் 22 வரை எண் கொடுத்தனர். ஆயின், 6 முதல் 12 வரை உள்ளனவும் எக்ஸும் நீளத்தாலும் வடிவாலும் பெரிதும் ஒத்தவை. அவற்றைப் பிரித்தறிய மாட்டாது, ஒரு கூட்டமாகவே வைத்திருந்தனர். 1970-ஐ ஒட்டி, சுவீடன் நாட்டுக் காஸ்பர்சன், லோர் செக் என்போர் குயினாக்ரின் வகைச் சாயம் ஒன்றை ஊட்டிப் புறவூதா ஒளியில் நோக்கியபோது, ஒவ்வொன்றன்மீதும் ஒளியும் இருளுமாய்க் குறுக்குப் பட்டைகள் தோன்றக் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே, மலேரியாக் கிருமியைக் காண வழங்கும் கீம்சாச் சாயத்தாலும் பட்டைகள் தோற்றுவிக்கும் முறை அமைந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு குரோமோசோமும் தன் பட்டையால் அறியப்படலாயிற்று.

இது பெரும்பேறே. எனினும் பட்டை என்பது தோற்றமேயன்றி எழுத்தன்று. ஒரு பட்டையினுள் பல இலட்சம் எழுத்துக்கள் அடங்கும். அவற்றுட் சில இலட்சம் மறைந்துபோயினும் பட்டை மாறாதது போலவே தோன்றும். புற்றுநோயில் குரோமோசோம்கள் பலவாறு முறிந்து தம்முள் இடம் மாறுங்கால், சிறு துண்டொன்று எக்குரோமோசோமினின்றும் வந்தது என்று பட்டையால் துணிதல் அரிது.

எழுத்தின் இணை

நாம் அறிந்த ஒரு செய்தியை உவமையாகக் கொள்வோம். கட்டவிழ்ந்த சுவடிக் குவியலில் தனியேடு ஒன்று கிடைக்குமாயின், அஃது எந்நூலைச் சார்ந்தது என்று எங்ஙனம் அறிவது? ஓலையின் நீள அகலமும் துளையின் இடமும் ஓரளவே உதவும். ஏட்டிலுள்ள அடி ஒன்றனைப் படித்து, அவ்வடி எந்நூலில் உள்ளது என்று ஒப்புநோக்கிய பின்னரே துணிதல் கூடும். வடிவால் அறிதல் ஓலையை அளத்தல் போல்வது. எழுத்தால் அறிதல் ஏட்டைப் படித்தல் போல்வது.

குரோமோசோமின் எழுத்தாவது டி.என்.ஏ. அஃது இரண்டு இழைகள் தம்முட் பின்னிய முறுக்கு என்பதை 1953-இல் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டனர். அவ்விழைகளில் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு மூலங்கள் எழுத்துக்கள்போல் வரிசைப்பட்டு நிற்கின்றன. ஓரிழையில் அடினைன் நிற்குமிடத்து எதிரிழையில் தைமினே நிற்கும். குவானைன் நிற்குமிடத்துச் சைட்டோசினே நிற்கும். ஆகவே, ஓரிழையை அறிந்தார்க்கு மற்றையது தானே விளங்கும். இவ்விரண்டிழையையும் சூட்டினாற் பிரிக்கலாம். சூடு தணிந்தபின் ஒவ்வோரிழையும் தனக்குரிய இணையைத் தேடிச் சேரும்.

நான்கே எழுத்தாயின், ஒரு தொடர் பலவிடத்தும் வாராதோ எனின், கணக்கிட்டுப் பார்ப்போம். 20 எழுத்துக்கொண்ட தொடரை ஓர் இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட வகையில் எழுதலாம். மனிதனின் ஒருதொகுதிக் குரோமோசோம்களில் உள்ள எழுத்துக்களோ ஏறத்தாழ 300 கோடி. ஆதலின், ஆயிரக்கணக்கான எழுத்துக்கொண்ட தொடர் தற்செயலாய்ப் பிறிதோரிடத்து அமைதல் இல்லை என்றே கூறலாம். ஒரு குறிப்பிட்ட தொடரைக் கையில் எடுத்து, அதற்கு ஓர் அடையாளமிட்டு, பிரித்துவைத்த குரோமோசோம்களின்மேல் விட்டால், அது தன் இணை உள்ள இடத்தையே சென்று பற்றும். இங்ஙனம் அடையாளந் தாங்கித் தேடிச்செல்லும் டி.என்.ஏ. துண்டினைத் துருவி என்று வழங்குவோம்.

அடையாளம் மாறிய வரலாறு

இக்கருத்தை முதன்முதற் செயற்படுத்தினோருள் ஜோசப் காலும் அவர்தம் மாணவியார் மேரி லூ பார்டியூவும் சிறந்தோர். 1969-இல் அவர்கள் கதிரியக்க அடையாளமிட்ட ஆர்.என்.ஏ.யைத் தவளையின் முட்டையணுக்கள்மேற் செலுத்தி, அது தன் இணையைப் பற்றிய இடத்தைக் காட்டினர். ஆயின், கதிரியக்கத்தை ஒளிப்படப் பசையிற் பதியவைத்துக் காணவேண்டியிருந்தமையால், நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் இருளிற் காத்திருத்தல் வேண்டும். பதிந்த புள்ளியும் தன் இடத்தைச் சுற்றிச் சிதறியே தோன்றும்.

1981-இல் யேல் பல்கலைக்கழகத்து டேவிட் வார்டு என்பவரும் அவரொடு பணிபுரிந்தோரும் வேறோர் அடையாளத்தைக் கண்டனர். அது பயோட்டின் என்னும் வைட்டமின். கோழிமுட்டையின் வெண்கருவில் அவிடின் என்னும் புரதம் ஒன்று உண்டு. அது பயோட்டினைக் கண்டவிடத்து இறுகப் பற்றி விடாது. துருவியின் எழுத்துக்களிற் பயோட்டினைத் தொடுத்து, அவிடினில் ஒளிர்சாயத்தைத் தொடுத்தால், துருவி அமர்ந்த இடம் ஒளிவிட்டுத் தோன்றும். கதிரியக்கமும் வேண்டா, வாரக்கணக்கிற் காத்திருத்தலும் வேண்டா. இந்நாளில் ஒளிர்சாயத்தைத் துருவியிலேயே நேராகத் தொடுத்துவிடுதலும் பெருவழக்காயிற்று.

செய்முறை

செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். முதற்கண் துருவியை ஆக்குதல் வேண்டும். ஒரு நொதி டி.என்.ஏ. இழையில் ஆங்காங்குச் சிறு வெட்டுக்களை இடும். மற்றொரு நொதி அவ்வெட்டினின்றும் தொடங்கிப் பழைய எழுத்தை நீக்கிப் புதிய எழுத்தை வைத்துக்கொண்டே செல்லும். புதியனவாக அளிக்கும் எழுத்துக்களிற் சில அடையாளந் தாங்கியனவாக இருப்பின், துண்டு முழுதும் ஆங்காங்கு அடையாளம் பெறும்.

இரண்டாவது, பிரியுந் தறுவாயிலுள்ள உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் நிலைப்படுத்துவர். பின் ஃபார்மமைடு கலந்த கரைசலில் ஏறத்தாழ 70 பாகைச் சூட்டிற் சில நிமிடம் வைப்பர். ஃபார்மமைடு இழைகளின் பிணிப்பைத் தளர்த்துதலின், இவ்வளவு சூட்டிலேயே, குரோமோசோம் தன் வடிவு சிதையாதிருக்க, இழைகள் மட்டும் பிரியும். துருவியையும் இவ்வாறே பிரித்துத் தகட்டின்மேல் இட்டு மூடி, 37 பாகையில் ஓரிரவு வைப்பர். துருவி தன் இணையைத் தேடிச் சேர்வது அவ்விரவிலேதான்.

மூன்றாவது கழுவுதல். அரைகுறையாகப் பற்றிய துருவிகளும் உண்டு. உரிய சூட்டிலும் உப்பளவிலும் கழுவினால் அவை விலகிப்போக, எழுத்துக்கெழுத்து ஒத்துப் பற்றியவையே எஞ்சும். கழுவுதல் தளர்ந்தால் பொய்ப்புள்ளி தோன்றும். மிகுந்தால் மெய்ப்புள்ளியும் மறையும். இறுதியில், டாப்பி என்னும் நீலவொளிச் சாயத்தால் குரோமோசோம் முழுவதையும் காட்டி, அதன்மேல் துருவியின் செவ்வொளியையோ பச்சையொளியையோ நோக்குவர்.

ஓரிடத்தை மட்டுமன்றி ஒரு குரோமோசோம் முழுவதையும் நிறந்தீட்டவும் இயலும். கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்துப் பின்கல், கிரே என்போரும், யேலில் வார்டு, லிக்டர் என்போரும், ஜெர்மனியில் கிரேமர் உடன்பிறந்தாரும் 1988-ஐ ஒட்டி இதனை நிறைவேற்றினர். இதற்கு, சாயமேற்றிய குரோமோசோம்களை நீர்த்தாரையில் ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் செலுத்தி, ஒளியின் அளவால் இனம்பிரித்துத் தொகுத்து, ஒரே இனத்தினின்றும் ஆயிரக்கணக்கான துருவிகளை ஆக்குவர்.

ஆண்டு ஓர் இடையூறு நேர்ந்தது. எல்லாக் குரோமோசோம்களிலும் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் பல உள. அவை நூல்தோறும் வரும் அசைச்சொற்களை ஒப்பன. அசைச்சொல்லைக்கொண்டு ஏட்டைத் தேடினால் எல்லா நூலும் வந்து நிற்குமன்றோ? ஆதலின், அத்தகைய பொதுத்தொடர்களை மட்டும் மிகுதியாகக் கொண்ட, அடையாளமிடாத டி.என்.ஏ.யை முன்னரே துருவியொடு கலந்து, பொதுவிடங்களை அடைத்துவிடுவர். எஞ்சிய தனித்தொடர்களே தத்தம் குரோமோசோமைச் சென்று பற்றும். 46-இல் இரண்டு மட்டும் தலைமுதல் அடிவரை ஒளிர்ந்து, பிற நீலநிழலாய் நிற்குங் காட்சி அங்ஙனம் கைகூடிற்று.

1996-இல் இன்னும் ஒரு படி ஏறினர். மனிதக் குரோமோசோம் 24 வகை. ஐந்து ஒளிர்சாயங்களைத் தனித்தனியும், இரண்டு இரண்டாகவும், மூன்று மூன்றாகவும், இவ்வாறு ஐந்தும் கூடும்வரை சேர்த்தால் 31 சேர்க்கைகள் அமையும். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் ஒரு சேர்க்கை கொடுத்து, கணிப்பொறியின் துணையால் 24 நிறத்தில் ஒரே தகட்டிற் காணலாயினர். நீலத்திலிருந்து திடீரெனச் செம்மைக்கு மாறும் குரோமோசோம் ஒன்று தோன்றின், அஃது இருவேறு குரோமோசோம்களின் துண்டுகள் ஒட்டியது என்று கண்டமாத்திரத்தே அறியலாம்.

பயன்

இவையெல்லாம் கண்ணுக்கு விருந்தாகும் வண்ணக் காட்சி மட்டுமோ எனின், அன்று. ஒருவகை இரத்தப் புற்றுநோயில் 22-ஆவது வரிசைக் குரோமோசோம் ஒன்று குறுகியிருத்தலை நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்போர் 1960-இல் கண்டனர். ஃபிலடெல்ஃபியா நகரிற் காணப்பட்டமையால் அதற்கு அந்நகரின் பெயரே வழங்குகின்றது. குறுகியது ஏன் என்பது 1973-இல் சிகாகோவின் ஜானட் ரௌலி அம்மையாரால் பட்டைகளின் துணைகொண்டு விளங்கிற்று. 9-ஆவதும் 22-ஆவதும் தம்முள் துண்டு மாற்றிக்கொண்டன என்பதே அது. இந்நாளில் 9-ஆவதன் உரிய இடத்திற்குச் செந்துருவியும், 22-ஆவதன் உரிய இடத்திற்குப் பசுந்துருவியும் இடுவர். நோயற்ற அணுவில் இரண்டு செம்புள்ளியும் இரண்டு பசும்புள்ளியும் தனித்தனியே நிற்கும். நோயுற்ற அணுவில் ஒரு செம்புள்ளியும் ஒரு பசும்புள்ளியும் ஒட்டி மஞ்சளாகும். உயிரணு பிரியும்வரை காத்திருத்தலும் வேண்டா. பிரியாத உட்கருவிலும் இதனைக் காணலாம். அவ்வொட்டினால் விளையும் புரதத்தையே தாக்கும் இமாட்டினிப் என்னும் மருந்து 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆகவே, மஞ்சட்புள்ளி உண்டா இல்லையா என்பது நோயாளிக்கு எம்மருந்து என்பதனோடு பிணைந்த வினாவாயிற்று.

வேறொன்று எம் உள்ளத்தை மிகவும் தொட்டது. வில்லியம்ஸ் நோய்க்குறி என்று ஒன்று உண்டு. அதனையுடைய குழந்தைகள் யாவரோடும் அன்பாய்ப் பழகுவர். அவர்களிற் பலர் இசையிற் பெருவிருப்புடையர். ஆயின் இதயத்தினின்றும் புறப்படும் பெருங்குழாய் குறுகியிருக்கும். கல்வி தாழ்ந்து வரும். 7-ஆவது வரிசையின் ஒரு குரோமோசோமில் ஏறத்தாழ 15 இலட்சம் எழுத்துக்கள் இல்லாமற்போதலே காரணம். எலாஸ்டின் என்னும் புரதத்தின் மரபணு அதனுள் அடங்கியது என்பது 1993-இல் தெளிந்தது. பட்டைகளை நோக்கினால் 7-ஆவது குறையின்றியே தோன்றும். எலாஸ்டின் துருவியை இட்டாலோ, ஒரு குரோமோசோமிற் புள்ளி ஒளிரும், மற்றதில் ஒளிராது. அந்த ஒளிராத இடமே விடை. எம் குழந்தைக்கு நேர்ந்தது யாது, எம் வளர்ப்பிலே பிழையோ என்று ஆண்டுக்கணக்கில் வருந்திய பெற்றோருக்கு, பிழை அவர்களுடையதன்று என்று கூறுதற்குச் சான்று கிடைத்தது. இதயத்தை இடையறாது கண்காணிக்க வேண்டுமென மருத்துவரும் அறிந்தனர்.

உயிரினங்களின் உறவை ஆராயவும் இம்முறை உதவிற்று. நம் மலைக்காடுகளிற் கேளையாடு என்று வழங்கும் குரைக்கும் மானினத்தை எடுத்துக்கொள்வோம். இந்தியக் கேளையாட்டின் பெண்ணில் 6, ஆணில் 7 குரோமோசோம்களே உள்ளன என்பது 1970-இல் வெளியாயிற்று. அதற்கு நெருங்கிய சீனக் கேளையாட்டிலோ 46 உள்ளன. உருவத்தால் ஒத்த இரண்டிற்கும் இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது? சீன இனத்தின் துருவிகளை இந்திய இனத்தின்மேல் இட்டபோது, பல சிறு குரோமோசோம்களின் நிறங்கள் ஒரே நெடுங்குரோமோசோமில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. எழுத்து குறையவில்லை, பல சுவடிகள் ஒரே கட்டாகக் கட்டப்பட்டன, அவ்வளவே. இவ்வாறே, மனிதனின் 2-ஆவது குரோமோசோமின் துருவியைச் சிம்பன்சியின்மேல் இட்டால் இரண்டு வேறு குரோமோசோம்கள் ஒளிர்கின்றன. மனிதனில் 23 இணையும் அதனில் 24 இணையும் இருத்தற்குக் காரணம் இதனால் புலப்படுகின்றது.

எல்லை

இம்முறைக்கும் எல்லை உண்டு. துருவி தன்னிடம் கேட்ட வினாவிற்கே விடை கூறும். 7-ஆவதைக் குறித்து வினவினால், 15-ஆவதிலுள்ள குறையை அது சொல்லாது. ஒரே குரோமோசோமினுள் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பின், முழுவதும் ஒரே நிறமாகத் தீட்டியவிடத்து அது தோன்றாது. மிகச் சிறிய இடமாற்றமும் கண்ணுக்குத் தப்பும். பிரியாத உட்கருவில், வெவ்வேறு ஆழத்திலுள்ள இரு புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோன்றி மயக்குதலும் உண்டு. அது பற்றியே ஓரணுவைக் கண்டு துணியாது, 200 அணுக்கள் வரை எண்ணுதலை வழக்கமாகக் கொண்டனர். 48 என்று துணிந்த காலத்தின் பாடம் வீண்போகவில்லை போலும்.

2022-லும் 2023-லும் மனிதக் குரோமோசோம்களின் எழுத்து இடைவெளியின்றி முழுதும் படிக்கப்பட்டு வெளிவந்தது. எழுத்தையே நேராகப் படிக்குங் காலத்தில் துருவி எதற்கு எனச் சிலர் வினவலாம். எழுத்தைப் படிக்கும் பொறிகள் பெரும்பாலும் பல அணுக்களின் டி.என்.ஏ.யை ஒன்றாகத் திரட்டி, துண்டுதுண்டாகவே படிக்கின்றன. இந்த ஓரணுவில், இந்த இடத்தில், இத்தொடர் நிற்கின்றது என்று கண்முன் காட்டுவது துருவியே. ஆகவே இரண்டும் ஒன்றற்கொன்று துணையாய் நிற்கின்றன.

இக்கட்டுரையை எழுதத் தொடங்குமுன், மீண்டும் ஒருமுறை நண்பரின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று அவ்வெங்காய வேரைக் கண்டோம். அதே செந்நிறத் துணுக்குகள். இம்முறை பொறுமையாக எண்ணி 16 என்றோம். முதலாவது எது என்று மட்டும் வினவவில்லை. நிறத்தைக் கண்டு பெயரிடுதல் எளிது. ஒன்றன் எழுத்தை அறிந்து, அதற்கு இணையான எழுத்தைக் கொண்டுசென்று, அதுவே வந்து பற்றுமாறு செய்து, பற்றாதவற்றைக் கழுவி நீக்கி, பலமுறை எண்ணிய பின்னரே "இஃது இன்னது" எனல் தகும். ஏட்டை ஆராய்வோர்க்கும் உயிரணுவை ஆராய்வோர்க்கும் இந்நெறி பொதுவென்று கண்டு, யாம் மகிழ்வுடன் மீண்டோம்.